அடிபட்ட ஆட்டக்காரரும் ஆடாத நாமும்

(முதுகலை இரண்டாம் ஆண்டு, பொருளியல்)

முன்னுரை

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆடுவோரைப் பற்றியே எழுதுவர். ஆட்டத்தைப் பார்ப்போரும் அதைப் பற்றிப் பேசுவோரும் ஆராய்ச்சிக்கு உரியவராகக் கருதப்படுவதில்லை. ஆயினும் கபடிக் களத்தில் நிற்போர் பக்கத்துக்கு எழுவர், கிரிக்கெட்டில் பதினொருவர். அவர்களைப் பற்றிப் பேசுவோரோ கோடிக்கணக்கானோர். ஆடுவோர் சிலர், பேசுவோர் பலர். பலர் செய்யும் செயல் எதுவாயினும் அது ஆராயத்தக்கதே அன்றோ? ஆகவே ரசிகர் பேச்சின் ஒரு சிறு பகுதியை, அதாவது ஆட்டக்காரருக்குக் காயம் நேரும்போது நாம் பேசும் பேச்சை, இக்கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஐந்தாம் ஆண்டாகத் தாம்பரத்தில் மின்ரயில் ஏறிக் கல்லூரிக்கு வருபவன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் பக்கத்து நண்பர்கள் எனக்கு முன்பே வண்டியில் இடம் பிடித்திருப்பர். குரோம்பேட்டையும் பல்லாவரமும் கடப்பதற்குள் முந்தைய இரவு நடந்த ஆட்டம் பெட்டிக்குள் மறுபடியும் ஒருமுறை ஆடி முடிக்கப்பட்டுவிடும். கோடையில் சென்னை சூப்பர் கிங்ஸ், மழைக்காலத்தில் தமிழ் தலைவாஸ் என்று பருவத்துக்கு ஏற்பப் பேச்சும் மாறும். மாறாத ஒன்று உண்டு. யாருக்கு அடி, எங்கே அடி, எத்தனை நாள் என்பதே அது.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கைச் சொல்லியிருக்கிறார். நோய் இன்னதென்று முதலில் தெளிய வேண்டும். அடுத்து அதன் காரணத்தைத் தேட வேண்டும். பின்னரே தணிக்கும் வழியில் இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். ரசிகர் பேச்சில் இவ்வொழுங்கு தலைகீழாக இருக்கிறது. காரணத்தை முதலில் முடிவு செய்துவிடுகிறோம். நோய் என்ன என்பதைக் கேட்பதே இல்லை. இதனால் விளையும் தீங்கு தொலைக்காட்சியில் தோன்றும் பெரிய ஆட்டக்காரருக்கு அன்று, நம் தெருவில் ஆடும் சிறிய ஆட்டக்காரருக்கே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வாக்கியங்கள்

காயத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு நீண்டாலும் அது மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, "அவன் மட்டும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்டா" என்பது. இது தோல்விக்கு மறுநாள் பிறப்பது.

இரண்டாவது, "எப்ப வருவான் மச்சான்? இன்னுமா சரியாகல?" என்பது. இது காத்திருக்கும் நாட்களில் கேட்பது.

மூன்றாவது, "அடிபட்டும் ஆடினான் பாரு, அவன்தான்டா ஆளு" என்பது. இது புகழ்மாலை.

முதல் வாக்கியம் காரணம் கூறுகிறது. இரண்டாவது நாள் குறிக்கிறது. மூன்றாவது பரிசு வழங்குகிறது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, நடந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு நோக்குவோம்.

'அவன் மட்டும் இருந்திருந்தால்'

தமிழ் தலைவாஸ் அணி புரோ கபடி லீக்கில் 2017ஆம் ஆண்டு சேர்ந்தது. முதல் மூன்று பருவங்களிலும் அது தன் பிரிவிலோ பட்டியலிலோ கடைசி இடத்திலேயே முடிந்தது. இந்நிலையை மாற்ற எண்ணி, 2022ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத் என்னும் புகழ்பெற்ற ரைடரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு அணி எடுத்தது. அதுவரை கபடி ஏலத்தில் எவருக்கும் அத்தொகை கொடுக்கப்பட்டதில்லை. அந்த அக்டோபர் மாதம் குஜராத் ஜயண்ட்ஸ் அணியோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடர் ஒருவரைத் தடுக்க முயன்றபோது, பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. தூக்கிச் செல்லப்பட்ட அவர் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

மறுநாள் எங்கள் பெட்டி துக்க வீடு போல் இருந்தது. "பணமும் போச்சு, பருவமும் போச்சு" என்றார் நண்பர் ஒருவர். எதிரே அமர்ந்திருந்த, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். "தம்பி, ஒருத்தன் போனா ஆறு பேர்தான் மிச்சம்னு கணக்குப் போடாதீங்க. கோட்டுக்கு வெளிய அஞ்சு பேர் உக்காந்திருக்கான் பாருங்க, அவனைப் பாருங்க" என்றார். கபடி அணியில் பன்னிருவர் உண்டு. களத்தில் எழுவர், வெளியே ஐவர். நாங்கள் எல்லோரும் அறிந்த செய்திதான். ஆனால் அவ்வேளையில் எவர் நினைவிலும் அது இல்லை.

நடந்தது என்ன? தொடக்கத்தில் அணி தடுமாறியது. பருவத்தின் இடையில் பயிற்சியாளரும் மாறி, அஷான் குமார் பொறுப்பேற்றார். அதன்பின் நரேந்தர் என்னும் இளைஞர், தம் முதல் பருவத்திலேயே, ரைடில் 200க்கும் மேற்பட்ட புள்ளிகளைக் குவித்தார். அஜிங்க்யா பவார் அவருக்குத் துணை நின்றார். சாகர் முதலிய தடுப்பு ஆட்டக்காரர்கள் பின்வரிசையைக் காத்தனர். அணி வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்று, புனேரி பல்தான் அணியிடம் 37க்கு 39 என்ற கணக்கில் இரண்டே புள்ளிகளில் தோற்றது. மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆடாத பருவமே அதுவரை அந்த அணியின் மிகச் சிறந்த பருவமாயிற்று.

இதைக் கொண்டு, காயம் அணிக்கு நன்மை செய்யும் என்று முடிவு கட்டுவது பேதைமை. ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விதி செய்யக் கூடாது என்பதைப் பொருளியல் மாணவர் முதலாண்டிலேயே படிக்கிறோம். எனவே இரண்டாவது சான்றாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மூன்று பருவங்களை எடுத்துக்கொள்வோம்.

2022ஆம் ஆண்டு ஏலத்தில் 14 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தீபக் சாஹர், காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நியூசிலாந்தின் ஆடம் மில்னே முதல் ஆட்டத்திலேயே தொடையின் பின்தசையில் அடிபட்டு விலகினார். பத்து அணிகளுள் சென்னை ஒன்பதாம் இடம் பெற்றது. "சாஹர் மட்டும் இருந்திருந்தா" என்று அந்த ஆண்டு முழுவதும் கேட்டோம்.

2023ஆம் ஆண்டு காயங்கள் குறைந்தனவா? இல்லை. கைல் ஜேமிசன் முதுகு வலியால் வரவே இல்லை. முகேஷ் சவுத்ரியும் விலகினார். 16 கோடியே 25 லட்சம் பெற்ற பென் ஸ்டோக்ஸ் இரண்டே ஆட்டங்கள் ஆடினார். சாஹரும் இடையில் சில ஆட்டங்கள் ஆடவில்லை. அணித்தலைவர் தோனி முழங்கால் வலியோடு நின்றார். அந்த ஆண்டு சென்னை கோப்பையை வென்றது! காயம்தான் தோல்விக்குக் காரணம் என்றால் இந்த வெற்றிக்கு எது காரணம்?

விடையின் ஒரு பகுதி 2022ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. காயமுற்ற மில்னேவுக்குப் பதிலாக அந்த ஆண்டு அழைக்கப்பட்டவர் மதீஷா பதிரனா என்னும் இலங்கை இளைஞர். அப்போது அவரை எங்கள் பெட்டியில் எவரும் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு இறுதி ஓவர்களை வீசி 19 விக்கெட்டுகளை எடுத்தவர் அவரே. துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு பருவத்தில் வேறு வழியின்றி உள்ளே வந்தவர் அடுத்த பருவத்தில் தூணாக நின்றார்.

2025ஆம் ஆண்டு இதற்கு மறுபக்கம். அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் நுண்முறிவு ஏற்பட்டு விலகினார். அணி பட்டியலில் கடைசி இடம் பெற்றது. அந்த அணி கடைசி இடம் பெற்றது அதுவே முதன்முறை. "ருதுராஜ் போனதுல இருந்து எல்லாம் போச்சு" என்பது ரயிலில் வழங்கிய தீர்ப்பு. ஆனால் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் வேறு செய்தி தெரிகிறது. ஏப்ரல் 10ஆம் நாள் அவர் விலகிய செய்தி வந்தபோது அணி ஐந்து ஆட்டங்கள் ஆடி நான்கில் தோற்றிருந்தது. தோல்வி முன்னே வந்தது. விலகல் பின்னே வந்தது. நாம் அவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டோம். அவருக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூரு அணிக்கு எதிராக 94 ஓட்டங்கள் எடுத்தார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

கடல் கடந்தும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து என்னும் ஆட்டம் நம் கபடியைப் போலவே உடலோடு உடல் மோதும் ஆட்டம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். அவர் விழுந்தால் அணியே விழும் என்பது அந்நாட்டு ரசிகரின் நம்பிக்கை. தமிழ் தலைவாஸ் பவனை இழந்த அதே 2022ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ அணி தன் முதல் குவார்ட்டர்பேக்கைக் கணுக்கால் காயத்தாலும், இரண்டாமவரைப் பாதக் காயத்தாலும் இழந்தது. மூன்றாவதாக வந்தவர் புரோக் பர்டி. அந்த ஆண்டின் புதுமுகத் தேர்வில் 262ஆவதாக, கடைசிப் பெயராக, எடுக்கப்பட்டவர். அவர் தலைமையில் அணி வென்றுகொண்டே போய் அரையிறுதியை எட்டியது. அங்கே அவருடைய முழங்கையின் ஜவ்வு கிழிந்தது. நான்காமவருக்கும் தலையில் அடிபட்டது. அணி 7க்கு 31 என்று தோற்றது. பதிலாள் உள்ள வரை அணி நிற்கும், பதிலாளும் தீர்ந்தால் சாயும் என்பதை ஒரே பருவத்தில் காட்டிய நிகழ்ச்சி இது.

நம் நாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் 2021ஆம் ஆண்டு சனவரியில் பிரிஸ்பேன் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தைச் சொல்லலாம். பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி முதலியோர் காயத்தால் ஆடவில்லை. வலைப்பயிற்சிக்குப் பந்து வீச என்று நிறுத்தப்பட்டிருந்த இரு தமிழர்கள், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும், அந்த ஆட்டத்தில்தான் டெஸ்டில் முதன்முதலாக இறங்கினர். முதல் இன்னிங்சில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தனர். சுந்தர் 62 ஓட்டங்களும் எடுத்தார். 1988 முதல் அந்த மைதானத்தில் தோற்காதிருந்த ஆஸ்திரேலியா அன்று தோற்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? வணிகர் ஒருவரின் வலிமையை அவர் கடையின் முகப்பில் வைத்திருக்கும் சரக்கைக் கொண்டு மட்டும் அளப்பதில்லை. கிடங்கில் உள்ள கையிருப்பையும் சேர்த்தே அளப்பர். அணியும் அப்படியே. காயம் என்பது கையிருப்பைச் சோதிக்கும் நாள். ஆதலின் "அவன் மட்டும் இருந்திருந்தால்" என்பது காரணம் ஆகாது, "அவன் இடத்துக்கு யாரைத் தயார் செய்திருந்தோம்?" என்பதே கேட்கத்தக்க கேள்வி.

'எப்போது வருவான்?'

இரண்டாம் வாக்கியத்துக்கு வருவோம். ஆட்டக்காரர் திரும்பும் நாளை நாம் போட்டி அட்டவணையைப் பார்த்துக் கணிக்கிறோம். அடுத்த வாரம் முக்கியமான ஆட்டம் இருந்தால் அவர் அடுத்த வாரம் வந்துவிட வேண்டும். உடலுக்கு அந்த அட்டவணை தெரியாது.

கபடியில் அதிகம் கெடுவது முழங்கால். ரைடர் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறார். ஒரு பாதம் மண்ணிலோ விரிப்பிலோ ஊன்றி நிற்கிறது. அந்தக் கணத்தில் எதிராளி கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். பாதம் அசையாமல் நிற்க, மேலுடல் மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. முழங்காலின் உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளால் ஏ.சி.எல். என்று விளையாட்டு வீரர்கள் சொல்வது இதையே. முறுக்கு மிகும்போது அது கிழிகிறது. பலருக்கு 'டப்' என்ற ஓசை கேட்கும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும்.

இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. நம் பக்கத்தில் கால் பிசகினால் முதலில் சுளுக்கு வழிப்போம். அடுத்து எக்ஸ்ரே எடுப்போம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. "எலும்பு உடையல" என்ற செய்தியை "ஒன்றும் இல்லை" என்று நாம் பொருள் கொள்கிறோம். சில வாரங்களில் வீக்கம் வடியும், வலி குறையும், நேராக நடக்க வரும். ஆள் தேறிவிட்டார் என்று அவரும் நம்புவார், நாமும் நம்புவோம். ஆனால் முழுதாகக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. படி இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ கால் வழுக்குவது போல் இருந்தால் அதுவே அடையாளம். அந்த நிலையில் மறுபடி களம் இறங்கினால், எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பும் கிழியும். முதல் காயம் ஆட்டத்தைக் கெடுக்கும்; இரண்டாம் காயம் பிற்கால நடையையே கெடுக்கும்.

அறுவைச் சிகிச்சையில் உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புதிய ஜவ்வாக வைக்கின்றனர். அது பிடித்து வலுப்பெறுவதற்கு மாதங்கள் பல ஆகும். திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டங்களுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களாவது காத்திருக்குமாறு மருத்துவர்கள் கூறுவர். அதற்கு முன் திரும்பும் இளைஞருக்கு மறுபடி கிழியும் இடர் மிகுதி.

காத்திருந்தவர்கள் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவன் செராவத் 2022ஆம் ஆண்டு வீழ்ந்தவர். மறு ஆண்டு அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் பெற்றுத் தந்தார். நம் சென்னையின் லட்சுமிபதி பாலாஜியை மூத்தோர் அறிவர். 2004ஆம் ஆண்டு பாகிஸ்தான் பயணத்தில் நாடெங்கும் புகழ்பெற்ற அவர், முதுகெலும்பில் நேர்ந்த நுண்முறிவால் நீண்ட காலம் விலகியிருந்தார். பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பினார். 2008ஆம் ஆண்டு மே மாதம் சேப்பாக்கத்தில் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். ஐ.பி.எல். வரலாற்றில் அதுவே முதல் ஹாட்ரிக். காத்திருந்த ஆண்டுகளில் அவரைப் பற்றி "முடிஞ்சுது கதை" என்று பேசியவர்களும் அன்று சேப்பாக்கத்தில் கைதட்டியிருப்பர்.

நம் பேச்சில் வதந்தி மிகுவதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு வாரமும் எவருக்கு எங்கே காயம், அவர் பயிற்சியில் முழுமையாகக் கலந்துகொண்டாரா, அடுத்த ஆட்டத்தில் ஆடுவது ஐயமா, பெரிதும் ஐயமா, ஆடவே மாட்டாரா என்பதை அணிகள் வெளியிட்டே ஆக வேண்டும். அங்கும் ரசிகர் வாதிடுகின்றனர். ஆயினும் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர். இங்கே பெரும்பாலும் ஒருவரி அறிவிப்புத்தான் கிடைக்கிறது. மீதியைத் தேநீர்க் கடையில் நாமே எழுதிக்கொள்கிறோம்.

'அடிபட்டும் ஆடினான்'

மூன்றாம் வாக்கியமே மிகவும் இனிமையானது. மிகவும் ஆபத்தானதும் அதுவே.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம் மைதானத்தின் வாயிலில் இறங்கலாம். அந்த மைதானத்துக்கு இவ்வகையில் இரு பெரும் கதைகள் உண்டு. 1986ஆம் ஆண்டு செப்டம்பர் வெயிலில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். உடலில் நீர் வற்றிக் களத்திலேயே வாந்தி எடுத்தபடி ஆடினார். ஆட்டமிழந்தபின் மருத்துவமனையில் அவருக்கு உப்புநீர் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. 1999ஆம் ஆண்டு சனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக, கடும் முதுகு வலியோடு, சச்சின் தெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வெளியேறியபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்கள். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் விழுந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. அக்கைதட்டல் நம் ரசிகர்களின் பெருமை, அதில் ஐயமில்லை.

ஆனால் இக்கதைகளில் நாம் சொல்லாமல் விடும் பகுதியும் உண்டு. 2023ஆம் ஆண்டு கோப்பையை வென்ற இரண்டே நாளில் தோனி முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குச் சென்றார். 2021ஆம் ஆண்டு சிட்னியில் அஸ்வினும் விஹாரியும் முதுகு வலியோடும் தொடைத்தசைக் காயத்தோடும் 40 ஓவர்களுக்கு மேல் நின்று தோல்வியைத் தவிர்த்தனர். அவ்விருவருமே அடுத்த பிரிஸ்பேன் ஆட்டத்தில் ஆட முடியவில்லை. தாங்கிய வலிக்கு விலை உண்டு. இவர்களைச் சுற்றி மருத்துவர், உடற்பயிற்சி வல்லுநர், காப்பீடு, சம்பளம் எல்லாம் இருப்பதால் அவ்விலையைக் கொடுக்க முடிந்தது. இவற்றுள் ஒன்றும் இல்லாத ஒருவர் அதே வாக்கியத்தை நம்பிக் களம் இறங்கினால் என்ன ஆகும்?

தாம்பரம் சுற்று வட்டாரத்தில் கபடி இன்றும் உயிரோடு இருக்கிறது. பொங்கலை ஒட்டி மின்விளக்கு கட்டி இரவு ஆட்டம் நடத்தாத பகுதி குறைவு. பழைய மகாபலிபுரம் சாலையை அடுத்த கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா, 2025ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியதை எல்லோரும் கொண்டாடினோம். இத்தகைய வெற்றிகள் எத்தனையோ வீடுகளில் நம்பிக்கை விளக்கை ஏற்றுகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பின் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை என்பதே அந்த நம்பிக்கை. அதன் பாரம் முழுவதையும் தாங்குவது ஒரு முழங்கால்.

என் இளைய தோழர் ஒருவர், நல்ல ரைடர். சென்ற ஆண்டுக்கு முந்தைய பொங்கல் போட்டியில் முழங்காலில் கிரேப் துணி சுற்றிக்கொண்டு ஆடினார். மூன்று வாரங்களுக்கு முன்பே கால் பிசகியிருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் அன்று அங்கு இல்லை. அவர் வாயிலாகக் கேட்டதையே எழுதுகிறேன். இரண்டாம் பாதியில் அவர் உட்கார்ந்துவிட்டார். கோட்டைச் சுற்றி நின்றவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவினர். "தலைவா, எழுந்து வா! ஒரே பாட்டு!" என்றனர். அவர் எழுந்தார். பாடிப் போனார். ஒரு புள்ளி எடுத்தார். திரும்பும்போது எவரும் தொடாமலே விழுந்தார். பின்னர் ஸ்கேன் செய்து பார்த்ததில் ஜவ்வோடு குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வீட்டில் நகை அடகு போயிற்று. அந்த ஆண்டு செல்வதாக இருந்த வேலைத் தேர்வுக்குச் செல்ல முடியவில்லை.

இதை என்னிடம் கூறியபோது அவர் எவரையும் பழிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "அண்ணா, அன்னிக்கு அவ்ளோ பேர்ல யாராவது ஒருத்தர் 'வெளிய வாடா போதும்'னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

இச்சொல்லை ஆராய்ச்சி முடிவாகவே கொள்கிறேன். ஆட்டக்காரர் தாமாக வெளியே வரமாட்டார். வந்தால் கோழை என்பார்கள் என்று அஞ்சுவார். எனவேதான் பெரிய ஆட்டங்களில் அந்த முடிவை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டனர். அமெரிக்கக் கால்பந்தில் எந்த அணியையும் சாராத நரம்பியல் மருத்துவர்கள் களத்தின் ஓரத்தில் நிற்கின்றனர். தலையில் அடிபட்டவர் ஆடத் தக்கவரல்லர் என்று அவர்கள் கருதினால், அவரே வற்புறுத்தினாலும் ஆட முடியாது. கிரிக்கெட்டிலும் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு அதிர்ச்சி அடைந்தவருக்குப் பதிலாக வேறொருவர் ஆட விதி வந்தது. அந்த மாதமே லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்மித்துக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன் அரைச்சதம் அடித்தார். வெளியே வந்தவரும் கோழை ஆகவில்லை. உள்ளே போனவரும் வீணாகவில்லை.

முடிவுரை

ரசிகர் பேசக் கூடாது என்பது என் கருத்து அன்று. பேச்சு இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. தாம்பரம் ரயிலில் ஒரு மணி நேரம் நிற்கவும் இயலாது. பேசும் வாக்கியங்களைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம் என்பதே என் வேண்டுகோள்.

"அவன் மட்டும் இருந்திருந்தா" என்னும் இடத்தில் "அவனுக்குப் பதிலா யாரு, அவன் எப்படி ஆடினான்?" என்று கேட்போம். நரேந்தரையும் பதிரனாவையும் அப்போதுதான் உரிய காலத்தில் காண முடியும். "எப்ப வருவான்?" என்னும் இடத்தில் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்போம். "அடிபட்டும் ஆடினான்" என்று புகழும் வாயால், வெளியே வந்தவரையும் ஒருமுறை கைதட்டி வரவேற்போம்.

நம் கல்லூரிக்கும் சில செயல்கள் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்குச் செல்லும் அணி பன்னிருவரையும் களத்தில் இறக்கிப் பழக்க வேண்டும். ஐவரைத் தண்ணீர் கொடுக்க மட்டும் அழைத்துச் செல்லக் கூடாது. மூட்டில் வீக்கம் கண்ட மாணவர் எவரும் மருத்துவரின் எழுத்துச் சான்று இன்றி ஆடக் கூடாது என்று உடற்கல்வித் துறை ஒரு விதி செய்யலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் காயத்தால் ஓர் ஆண்டு ஆடாதிருந்தால் அவருக்குரிய சலுகைகள் குறையா என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பாதி அச்சம் அன்றே நீங்கும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

என் தோழர் இப்போது மாலை வேளைகளில் மைதானத்தில் நிதானமாக ஓடத் தொடங்கியிருக்கிறார். இன்னும் சில மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அவரைக் காணும் நண்பர்கள், எப்போது ஆட வருவாய் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.